கப்பல் மிகுந்தால் விழிஞ்ஞம் என்னாகும்?

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் துறைமுகத்தை 2025 மே 2-ம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே உலகின் மிகப்பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்களில் ஒன்றான எம்.எஸ்.சி. இரினா அங்கு வந்து நின்றது. மகிழ்ச்சிதான். ஆனால், கடலின் ஆழத்தை மட்டும் நம்பிக் கப்பல்கள் வருவதில்லை.

கொரோனா காலத்தில் குவிந்த லாபத்தைக் கொண்டு கப்பல் நிறுவனங்கள் புதிய கப்பல்களை வாங்கிக் குவித்தன. 2023 இறுதியில் தொடங்கிய செங்கடல் தாக்குதல்களால் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்ததால், அந்த உபரி வெளியே தெரியவில்லை. சரக்கைவிடக் கப்பல்கள் மிகும்போது நிறுவனங்கள் வேகத்தைக் குறைக்கும். பழைய கப்பல்களை உடைக்க அனுப்பும். பயணங்களை ரத்து செய்யும். சில துறைமுகங்களைத் தொடாமலேயே கடந்து செல்லும். கப்பலை வேறு தடத்துக்குத் திருப்பலாம். கட்டிய துறைமுகத்தை எங்கே திருப்புவது?

விழிஞ்ஞத்துக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஒரே நிறுவனத்தின் கப்பல்கள். அவை இறக்குவதும் பெரும்பாலும் கப்பல் மாற்றி அனுப்பப்படும் சரக்கு. அது கொழும்புக்குப் போக அதிக நாளாகாது. 2011-ல் கொச்சி வல்லார்பாடம் முனையம் கொழும்பின் சரக்கை ஈர்த்துவிடும் என்றார்கள். ஈர்த்ததா?

இந்நிலையில், 817.80 கோடி ரூபாய் நிதியை மானியமாகத் தராமல், துறைமுக வருவாயிலிருந்து திரும்பப் பெறுவதில் மத்திய அரசு பிடிவாதமாக இருந்தது. எதிர்த்துவந்த கேரளம் 2025 ஏப்ரலில் பணிந்தது. இந்த நிபந்தனையை மறுபரிசீலனை செய்வதே நியாயம். கேரளத்தின், குமரி, நெல்லை மாவட்டங்களின் ஏற்றுமதிச் சரக்குதான் கப்பல்களைப் பிடித்து நிறுத்தும். அதற்கான பாலராமபுரம் ரயில் பாதை வெறும் 10.7 கிலோமீட்டர், அதன் இலக்கோ 2028 டிசம்பர்.