யந்திரக் கண்ணுக்கும் பரீட்சை வேண்டும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். திருப்பூர் சாயப்பட்டறைகளில் இந்தப் பழமொழிக்கு இன்று புதிய அர்த்தம் ஏற்பட்டிருக்கிறது. அங்கே நிறத்தைப் பார்ப்பது மனிதனுடைய கண் மட்டுமல்ல. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்னும் யந்திரக் கண்ணும் பார்க்கிறது. கேட்ட நிறம் வந்திருக்கிறதா, இல்லையா என்று அது எண்களில் தீர்ப்புச் சொல்லுகிறது. தீர்ப்பு பாதகமானால் சரக்கு திரும்புகிறது. கூலிக்குச் சாயமிடும் பட்டறைக்காரரின் தலையில் நஷ்டம் விழுகிறது. இவ்வளவு அதிகாரம் படைத்த நீதிபதியை விசாரிப்பவர் யார்?

17 பேருடைய கண்கள்

யந்திரம் தப்புச் செய்யாது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அது எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த நம்பிக்கை ஓரளவு தணியும். அது துணியின்மீது வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறது. திரும்பி வரும் ஒளியை 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் வாரியாகப் பிரித்து அளக்கிறது. 10 நானோமீட்டருக்கு ஒன்று வீதம் 31 அளவுகள் கிடைக்கின்றன. இவை வெறும் ஒளியின் அளவுகளே. இவற்றை நிறமாக மாற்ற மனிதக் கண்ணின் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கை 1931-ல் சர்வதேச ஒளியியல் கமிஷன் வகுத்தது. ரைட், கில்டு என்ற இரண்டு ஆங்கில விஞ்ஞானிகள் தனித்தனியே நடத்திய சோதனைகளே அதற்கு ஆதாரம். ஒருவர் 10 பேரையும், மற்றவர் 7 பேரையும் சோதித்தார்கள். பிறகு 1964-ல் இன்னும் அதிகம் பேரைச் சோதித்து மற்றொரு கணக்கும் வந்தது. ஆகவே யந்திரக் கண் வானத்திலிருந்து இறங்கியதல்ல. மனிதக் கண்களின் சராசரிதான் அது.

வெள்ளை ஓடும் கறுப்புக் குழியும்

மளிகைக் கடைத் தராசுக்கு அரசாங்க முத்திரை வேண்டும். நிறுக்குமுன் தட்டு சமமாக நிற்கிறதா என்று வாங்குகிறவரும் பார்க்கிறார். நிறத்தை நிறுக்கும் தராசுக்கும் இந்த நியாயம் பொருந்த வேண்டாமா?

அதைச் சமன் செய்யும் முறை கடினமானதல்ல. முதலில் ஒளியை விழுங்கிவிடும் கறுப்புக் குழியைக் காட்டி, இதுதான் பூஜ்யம் என்று யந்திரத்துக்கு உணர்த்த வேண்டும். அடுத்து, கூடவே வந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு யந்திரத்துக்கும் அதற்கென்று அளந்து எண்ணிட்ட ஓடு உண்டு. பக்கத்துப் பட்டறை ஓட்டை இரவல் வாங்கி வைத்தால் கணக்குத் தவறிவிடும். ஓட்டில் கைரேகையோ சாயத்தூளோ படிந்திருந்தாலும் அதே கதிதான். ஷிப்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்வது நல்லது. இதற்குப் பிடிப்பது சில நிமிஷங்களே.

யந்திரத்தை வைக்கும் இடமும் முக்கியம். நீராவியும் சாயத்தூளும் பறக்கும் இடத்தில் வைக்கலாகாது. ஜன்னல் வெயில் படக்கூடாது. மின்சாரம் ஏறி இறங்கக் கூடாது. துணியைக் காட்டுவதிலும் பக்குவம் உண்டு. உலர்த்தும் யந்திரத்திலிருந்து சுடச்சுட எடுத்த துணி ஒரு நிறம் காட்டும். ஆறிய பிறகு வேறு நிறம் காட்டும். ஈரம் இருந்தால் நிறம் கறுக்கும். மெல்லிய பனியன் துணியை நாலாக மடிக்காவிட்டால் பின்னால் இருப்பதும் சேர்ந்து தெரியும். வைக்கும் திசையை மாற்றி மாற்றி நாலு தடவை அளந்து சராசரி எடுப்பதே முறை.

தவறினால் யாருக்கு நஷ்டம்?

பல கொள்முதல்காரர்கள் நிற வித்தியாசம் 1 என்ற எண்ணுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அழுக்கு ஓட்டால் அந்த எண் 1.3 என்று வந்துவிட்டால், நல்ல சரக்கும் கெட்ட சரக்காகிவிடும். உடனே மறு சாயம்!

அதன் செலவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 கிலோ பருத்தித் துணிக்கு 800 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவை சாயமிடவே 48 கிலோ உப்பு வேண்டும். அலசும் தண்ணீர் தனி. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை அந்த ஊர் மறந்திருக்காது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது என்பது அங்கே நிபந்தனை. தேவையில்லாத மறு சாயம் ஒவ்வொன்றும் அந்தப் பாரத்தைக் கூட்டுகிறது.

கண்ணே போதுமா?

அப்படியானால் யந்திரமே வேண்டாம், அனுபவசாலியான சாய மாஸ்டரின் கண் போதும் என்று சிலர் வாதிக்கலாம். அதுவும் சரியல்ல. கண் களைத்துப் போகும். மாலை வெளிச்சத்தில் ஏமாறும். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனே தமக்கு நிறங்கள் பிறருக்குத் தெரிவதுபோல் தெரியவில்லை என்று 1794-ல் எழுதிப் படித்தார். பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தோன்றும் இரண்டு துணிகள் கடை விளக்கில் வேறாகத் தெரிவதும் உண்டு. இதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல யந்திரம் வேண்டும். யந்திரம் சொன்னது நம்பத்தக்கதா என்று சந்தேகிக்க மாஸ்டர் வேண்டும். எண்ணும் கண்ணும் முரண்பட்டால், முதலில் மறுபடி அளக்க வேண்டியது யந்திரத்தை, துணியை அல்ல.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நிறம் சரியில்லை என்று சரக்கைத் திருப்புகிறவர், தம் யந்திரத்தை அன்றைக்கு எத்தனை மணிக்குச் சமன் செய்தார், எந்த ஓட்டைக் கொண்டு செய்தார் என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதைக் கேட்கும் உரிமை பட்டறைக்காரருக்கு இருக்க வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொள்ளலாம். பல லட்சம் கொடுத்து யந்திரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் பெரிய செலவாகாது. முத்திரையில்லாத தராசில் நிறுத்த அரிசியை ஒப்புக்கொள்ளாத நாட்டில், சமன் செய்யாத யந்திரத்தின் தீர்ப்பை மட்டும் வாய்மூடி ஏற்பது எந்த ஊர் நியாயம்?