கேட்கிற காது

"சொன்ன பேச்சைக் கேள்" என்று பிள்ளையை அதட்டுகிறோம். அவன் காதில் விழவில்லை என்பதற்காகவா? சொன்னபடி செய்யவில்லை என்பதற்காக. தமிழில் கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லான 'ஷெமா'வும் அப்படித்தான்.

ஆனால், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்த என் தாத்தாவுக்குக் கீழ்ப்படிதல் என்றால் மண்டோரின் குரல். விடியுமுன் பெரட்டில் நிற்க வேண்டும். காட்டிய நிரையில் ஏற வேண்டும். எதிர்த்துப் பேசினால் அன்றைக்குப் பெயர் விழாது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் தேவாலயத்தில் 'கீழ்ப்படி' என்று கேட்டதும் முகம் சுளிப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்தச் சொல்லில் பயத்தின் வாடை ஒட்டியிருக்கிறது.

யாரும் அதட்டாமல் கீழ்ப்படிந்தவர்களும் உண்டு. ஐடா ஸ்கடர் அப்படி ஒருவர். அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண். 1890களில் நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தார். அப்பாவைப் போல இந்தியாவில் ஊழியம் செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். மருத்துவரான அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது அந்த மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அமெரிக்கா திரும்பி, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி. அதிலிருந்து வளர்ந்ததுதான்.

போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து, தானா ராத்தாவில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். கடை வாசலில் ஒரு வங்காளதேசத் தம்பி. தேயிலைக் காட்டில் வேலை என்றான். மலாயில் எழுதிய ஒரு தாளை நீட்டி, "அண்ணே, என்ன போட்டிருக்கு?" என்று அரைகுறை மலாயில் கேட்டான். "நேரமில்லை தம்பி" என்று பஸ் ஏறிவிட்டேன். ஒரு நிமிட வேலை. சம்பளக் கணக்கோ, பெர்மிட்டோ, வீட்டுக்கு அனுப்பும் நோட்டீஸோ?

வரும் ஞாயிறு மறுபடி மலைக்குப் போகிறேன். இந்த முறை அடுத்த பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.