நலம் தரும் வருவாய்

கொல்கத்தாவில் பெஹாலாவிற்குத் தெற்கே, ஜோகாவில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு மருத்துவமனை உள்ளது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இக்காப்பீட்டிற்கு, ஊதியத்தில் 3.25 விழுக்காட்டை முதலாளியும் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளியும் செலுத்துகின்றனர். இதற்கு மேலும் தொழிலாளர் நலத்திற்குச் செலவிடுவது வீண் எனக் கருதுவோர் உளர். அக்கருத்துப் பிழையானது.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளெழுத்தால் இடர்ப்பட்ட தொழிலாளர் 751 பேரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவு 2018இல் வெளிவந்தது. மூக்குக்கண்ணாடி பெற்றோரின் பறிப்புத்திறன், பெறாதோரைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. கண்ணாடியின் விலையோ மிகச் சிறிது.

ஆயினும், எல்லா நலத்திட்டங்களும் இவ்வாறு பயன் தருவதில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்க்கு நடத்திய நலத்திட்டம், முதலாண்டில் மருத்துவச் செலவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. அதில் விரும்பிச் சேர்ந்தோருள் பலர் முன்னரே உடல்நலம் பேணியவர்கள்.

ஆகவே, தொழிலுக்கு இன்றியமையாத எளிய உதவியே முதலில் தேவை. பெஹாலாவின் பட்டறைகளில் நுண்ணிய வேலை செய்வோர்க்குக் கண் சோதனையும், இரைச்சலில் உழைப்போர்க்குச் செவிக்காப்பும் அத்தகையன. நோய் வந்தபின் மருத்துவமனை காக்கும். வருமுன் காப்பது பணியிடத்தின் கடமை.

சிந்தித்து எழுதுக: இருவகைத் திட்டங்களின் பயன் வேறுபட்டதற்குக் காரணம் யாது?