பயணம் முடிந்தால் தடமும் அழியட்டும்

பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது, பிள்ளை வீடு திரும்பியாயிற்றா என்று கைப்பேசியில் பார்த்து அறிவது நகரக் குடும்பங்களில் இயல்பாகிவிட்டது. பெற்றோரின் அச்சம் நியாயமானது; அதைப் பழிப்பதற்கில்லை. ஆனால், அந்த அச்சத்தைத் தணிக்கும் செயலி குழந்தையின் நடமாட்டத்தைப் பதிவுசெய்து எவ்வளவு காலம் வைத்திருக்கிறது, யாருக்குத் தருகிறது என்று நாம் கேட்பதில்லை.

இது வீண் ஐயமன்று. குடும்பப் பாதுகாப்புக்கென உருவான அமெரிக்காவின் 'லைஃப்360' செயலி, பயனாளர்களின் துல்லியமான இருப்பிடத் தரவுகளைத் தரகு நிறுவனங்களுக்கு விற்றுவந்ததை 'தி மார்க்கப்' என்ற செய்தி நிறுவனம் 2021 டிசம்பரில் வெளிப்படுத்தியது. அதன் பின்னரே அந்நிறுவனம் அவ்விற்பனையைப் பெருமளவு கைவிடுவதாக அறிவித்தது. குழந்தைகளுக்கான சில திறன் கடிகாரங்களில் அந்நியர்கள் ஊடுருவ முடியும் என்பதை நார்வே நுகர்வோர் அமைப்பு 2017-இல் கண்டறிந்தது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இதை நான் சந்தைக் குறைபாடாகவே காண்கிறேன். செயலியைத் தேர்ந்தெடுப்பவர் பெற்றோர், ஆதாயம் நிறுவனத்துக்கு, தரவு கசிந்தால் பாதிப்பு குழந்தைக்கு. பேரத்தில் பங்கேற்காத மூன்றாமவர் மீது விழும் இத்தகைய சுமையைச் சந்தை தானாகச் சரிசெய்யாது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிவிடலாம். வீட்டையும் பள்ளியையும் அப்படி மாற்ற இயலுமா?

எனவே, சட்டத்தின் துணை தேவைப்படுகிறது. நமது எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2023), 18 வயதுக்கு உட்பட்டோரைப் பின்தொடர்வதைத் தடைசெய்கிறது, மீறினால் ரூ.200 கோடி வரை அபராதம். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், பள்ளிப் போக்குவரத்தில் பயண நேரத்தின்போது பாதுகாப்புக்காக இருப்பிடம் அறிவதற்கு விலக்கு அளிக்கின்றன. இவ்விலக்கு தேவையானதே.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. நோக்கம் நிறைவேறியதும் தரவை அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். விதிகளோ, அரசு கோரக்கூடிய சில தேவைகளுக்காகத் தரவையும் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. குழந்தை வீடு சேர்ந்ததும் நோக்கம் முடிந்துவிடுகிறது. அதன் ஓராண்டுத் தடமோ சேவையகத்தில் தங்கிவிடும். எந்தக் குழந்தை எந்த நேரத்தில் எந்தத் தெருமுனையில் நிற்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான குறிப்பு வேறில்லை.

விதிகளின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதற்குள், குழந்தைகளின் இருப்பிடத் தரவுக்கு இந்த ஓராண்டு நிபந்தனையிலிருந்து விலக்களித்து, பயணம் முடிந்த சில மணி நேரத்தில் அழிப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். பள்ளிகளும் குழந்தையைப் பின்தொடராமல் பேருந்தை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். பெற்றோருக்குத் தேவையான செய்தி அதிலேயே கிடைத்துவிடும். தரவு யாரிடம் உள்ளது, எத்தனை நாள் இருக்கும், வேறு யாருக்குச் செல்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பள்ளி நிர்வாகத்திடம் எழுத்துமூலமான பதிலைப் பெற்றோர் கோர வேண்டும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலேயே அதைக் கேட்கத் தொடங்கலாம்.