தானாகக் கலையுமா கூட்டம்?

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் நம் தோழர்கள் சிலரிடையே ஓர் அபிப்பிராயம் பரவி வருகிறது. "அவருடைய பேச்சு எல்லை மீறிவிட்டது. இனி அவருடைய ஆட்களே அவரைக் கைவிட்டு விடுவார்கள். நாம் சும்மா இருந்தாலே போதும்" என்கிறார்கள். எந்தத் தலைவரைச் சொல்கிறார்கள் என்பது இங்கே முக்கியமல்ல. ஒருவர் போனால் இன்னொருவர் வருகிறார். இந்தச் 'சும்மா இருக்கும்' வைத்தியம் பலிக்குமா என்பதே நம் கேள்வி.

தூரத்துக்குப் போக வேண்டாம். நம் நாட்டுச் சரித்திரத்தையே புரட்டுவோம். திராவிடநாடு பிரிவினைக் கோரிக்கையைக் காங்கிரஸ்காரர்கள் வெறி என்றார்கள். கம்யூனிஸ்டுகளும் அதை எதிர்த்தார்கள். கடைசியில், கழகத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஈ. வெ. கி. சம்பத்தே இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று கூறி, 1961 ஏப்ரலில் வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியை ஆரம்பித்தார். கவிஞர் கண்ணதாசனும் உடன் சென்றார். சம்பத் சாமானியப் பேச்சாளர் அல்ல. அவருடைய வாதத்திலும் நியாயம் இருந்தது. பலன் என்ன? 1962 தேர்தலில் அவர் கட்சிக்கு ஒரு ஸ்தானமும் கிடைக்கவில்லை. தி.மு.க.வோ 1957-ல் பெற்ற 15 ஸ்தானங்களிலிருந்து 50-க்கு உயர்ந்தது. அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் தோற்றார் என்பது உண்மை; ஆனால் அவருடைய கூட்டம் கலையவில்லை.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் விசித்திரம். 1963-ல் அரசியல் சட்டத்தின் 16-வது திருத்தம் வந்தது. நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாகப் பிரமாணம் எடுக்காமல் தேர்தலில் நிற்க முடியாது என்றாயிற்று. தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையையே கைவிட்டது. அந்தக் கோரிக்கைக்காகத் தொண்டை கிழியக் கோஷம் போட்ட தொண்டன் அப்போதாவது கட்சியை விட்டுப் போனானா? இல்லை. நான்கே ஆண்டுகளில், 1967-ல், அதே கழகம் தனிப் பெரும்பான்மையுடன் சர்க்கார் அமைத்தது. தென்சென்னைப் பார்லிமெண்டுத் தொகுதியில் அண்ணாதுரை ஜெயித்தார். இதோ, நம் பக்கத்துப் பரங்கிமலைச் சட்டசபைத் தொகுதியில், துப்பாக்கிக் குண்டு பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த எம்.ஜி.ஆர். ஜெயித்தார்.

அந்தத் தொண்டனைக் கட்சியோடு பிணைத்தது எது? வரைபடத்தில் போட்ட கோடு அல்ல. தன் மொழியையும் தன்னையும் கேவலமாக நடத்துகிறார்கள் என்ற ரோஷம். 1965-ல் மாணவர்கள் மீது பாய்ந்த துப்பாக்கிக் குண்டு. அரிசிப் பஞ்சம். 'ரூபாய்க்கு மூன்று படி' என்ற வாக்குறுதி அவன் அடுப்படிக்குப் பேசியது. தலைவரின் கோஷத்தில் இருந்த தீவிரத்தை மட்டும் கண்டித்தவர்கள், இந்த அடுப்படியை எட்டிப் பார்க்கவே இல்லை.

அப்படியானால் எந்தத் தலைவரையும் மக்கள் கைவிடுவதே இல்லையா? கைவிட்டிருக்கிறார்கள். 1971-ல் 352 ஸ்தானங்கள் பெற்ற இந்திரா காந்தியின் காங்கிரஸ், 1977-ல் 154-க்கு விழுந்தது. உத்தரப் பிரதேசத்தில் பூஜ்யம், பீகாரில் பூஜ்யம். நெருக்கடி நிலைக்கு மக்கள்சபையில் ஒப்புதல் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்த அதே ஜகஜீவன்ராம், தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு, 1977 பிப்ரவரி 2-ந் தேதிதான் வெளியேறினார். 19 மாதம் அவருடைய மனச்சாட்சி எங்கே போயிருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. தலைவரைச் சுற்றி இருப்பவர்கள் இப்படித்தான். ஜனங்கள் நகர்ந்த பிறகே அவர்கள் நகர்வார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதே தேர்தலில் ஆந்திராவில் 42 ஸ்தானங்களில் 41 காங்கிரசுக்கே கிடைத்தன. தமிழ்நாட்டிலும் அதன் அணியே வென்றது. இத்தனைக்கும் இங்கே 1976 ஜனவரி 31-ல் சர்க்கார் கலைக்கப்பட்டு, மிசாவில் ஏராளமானோர் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். வடக்கே பலாத்காரக் கருத்தடையும், டில்லி துருக்மான் கேட்டில் நடந்ததுபோல் குடிசைகளை இடித்துத் தள்ளியதும் ஏழையின் வாசலுக்கே வந்தன. தெற்கே அந்த அளவுக்கு வரவில்லை. சிறைக் கொடுமையைப் பேப்பரில்கூடப் படிக்க முடியாதபடி தணிக்கை வேறு இருந்தது. இன்னொன்று: வடக்கில் விட்டு வந்தவனுக்குப் போய்ச் சேர ஜனதா என்று ஓர் இடம் இருந்தது. 1961-ல் கழகத்தை வெறுத்தவனுக்கு இருந்த இடம் எது? விலைவாசியை ஏற்றிய காங்கிரசா?

ஜெர்மனியின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. 1932 ஜூலையில் 230 ஸ்தானங்கள் பெற்ற ஹிட்லரின் கட்சி நவம்பரில் 196-க்கு இறங்கியது. இனிக் கதை முடிந்தது என்று பலர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். 1933 ஜனவரி 30-ல் அவன் சான்ஸலர் ஆனான். ஆதரவாளர்களில் ஒரு பகுதி விலகியது மெய்தான். எதிர்த்து நின்றவர்களோ தங்களுக்குள் ஒன்றுபடவில்லை.

ஆகவே நம் தோழர்களைக் கேட்கிறோம். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் 2015 டிசம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததே, அந்தக் குடும்பங்களில் எத்தனை பேரிடம் நாம் இன்று தொடர்பு வைத்திருக்கிறோம்? புறம்போக்கில் குடியிருந்து பட்டாவுக்கு அலைகிறவன், காண்டிராக்ட் கூலியாக எட்டு மணி வேலைக்குப் பன்னிரண்டு மணி உழைக்கிறவன், அவர்களில் பலர் அந்தத் தலைவரின் கொடியைத்தான் பிடிக்கிறார்கள். அவர்களிடம் போய் "உன் தலைவன் வெறியன்" என்று ஆரம்பித்தால் கதவைச் சாத்துவார்கள். அது நம்மையே முட்டாள் என்று திட்டியதாகத்தான் அவர்களுக்குப் படும். பட்டா மனுவை எழுதிக் கொடுத்து, தாலுகா ஆபீசுக்கு உடன் போனால் பேச்சு வேறு திசையில் போகும். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தின் மனுவும் அதே கட்டில் கிடக்கிறது என்பதை அவர்களே அங்கே பார்ப்பார்கள்.

சேலையூர், பெருங்களத்தூர், பல்லாவரம் கிளைகள் இந்த மாதத் தெருமுனைக் கூட்டங்களில் அந்தத் தலைவரின் பெயரைச் சொல்லிச் சவால் விடுவதைக் குறைத்துக்கொண்டு, பட்டாவையும் குடிநீரையும் காண்டிராக்ட் கூலியையும் எடுத்துப் பேச வேண்டும். மனுக்களைக் கூட்டத்திலேயே வாங்க வேண்டும்.