ஸ்பீக்கரை மாற்றும் முன் அறையைப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "கடையில் கேட்டபோது ஸ்பீக்கர் அருமையாக இருந்தது. வீட்டில் இரைச்சலாக இருக்கிறது, வசனமே புரியவில்லை. வேறு செட் வாங்கலாமா?" அறையில் என்ன தரை என்று நான் திருப்பிக் கேட்பேன். வழவழப்பான டைல்ஸ், வெறும் சுவர், ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பெரும்பாலும் இதுதான் பதில்.

என் கருத்து இதுதான்: இப்படிப்பட்ட அறைக்கு இன்னொரு ஸ்பீக்கர் செட் வாங்குவது வீண் செலவு.

ஸ்பீக்கரின் ஒலி நேராக உங்கள் காதுக்கு வருவதோடு நிற்பதில்லை. தரை, சுவர், கூரை என மோதித் திரும்பத் திரும்ப வருகிறது. டைல்ஸ், கிரானைட், சிமெண்ட் பூச்சு போன்றவை தம் மேல் விழும் ஒலியில் ஏறக்குறைய 2, 3 சதவீதத்தை மட்டுமே உறிஞ்சும். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்துவிடுவதால் பேச்சு குழம்புகிறது. வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். காது சற்று மந்தமான பெரியவர்களும், ஆன்லைன் வகுப்பு கேட்கும் பிள்ளைகளும்தான் இதனால் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

இது புதிய விஷயம் அல்ல. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஏறக்குறைய ஐந்தரை விநாடி ஒலித்துக்கொண்டே இருந்தது. சரி செய்யும் வேலை வாலஸ் சேபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை அங்கே கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து ஒரு சூத்திரம் பிறந்தது. அறையின் கன மீட்டரை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் தணிய எத்தனை விநாடி ஆகும் என்று தெரியும்.

நம் வீட்டுக்குக் கணக்குப் போடுவோம். 12-க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுமார் 34 கன மீட்டர். எல்லாப் பக்கமும் 3 சதவீதம் உறிஞ்சினால், உறிஞ்சும் பரப்பு 1.9 சதுர மீட்டர்தான். எதிரொலி நேரம் ஏறக்குறைய 3 விநாடி! மெத்தை, திரைச்சீலை, துணிமணி மூலம் இன்னும் 8 சதுர மீட்டர் சேர்த்தால் அது அரை விநாடியை ஒட்டி வந்துவிடும்.

செய்ய வேண்டியவை இவை:

* ஸ்பீக்கருக்கும் உங்கள் நாற்காலிக்கும் இடையே தரையில் தடிமனான விரிப்பு போடுங்கள். "கார்ப்பெட் என்றால் தூசி" என்பது நியாயமான கவலைதான். துவைக்கக் கூடிய ஜமக்காளத்தை இரண்டு மூன்று மடிப்பாகப் போட்டாலும் பயன் உண்டு.
* ஜன்னலைப் போல இரு மடங்கு அகலமுள்ள கனமான துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். மெல்லிய நைலான் திரை போதாது.
* எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி வையுங்கள். முடிந்தால் மெத்தை போட்ட கட்டில் உள்ள அறையிலேயே கம்ப்யூட்டரை வையுங்கள்.
* ஸ்பீக்கரை மேஜையில் தட்டையாக வைக்காமல், காது உயரத்துக்கு உயர்த்துங்கள்.
* சப்வூஃபரை மூலையில் தள்ளாதீர்கள். மூலை, அடித்தொனியை ஊதிப் பெரிதாக்கும். கார்ப்பெட்டால் அதை அடக்க முடியாது. இடத்தை மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

முட்டை அட்டை, தெர்மோகோல் ஒட்டச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பெரிய பலன் இல்லை. தீப்பிடித்தால் ஆபத்து வேறு.

கடைக்காரர் வாட்ஸ் கணக்கைத்தான் சொல்வார், தரையைப் பற்றிக் கேட்க மாட்டார். நீங்கள் கேளுங்கள். அறை நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். 'டங்' என்று உலோகம் போல இழுத்தால், பர்ஸை மூடி வைத்துவிட்டு அலமாரியில் உள்ள விரிப்பை எடுத்துப் போடுங்கள். அதன் பிறகும் திருப்தி இல்லையென்றால் புது ஸ்பீக்கர் பற்றி யோசிக்கலாம்.