பனிக்காலமும் பழைய குழாய்களும்

மேல்நாடுகளில் குளிர்காலம் வந்தால் குழாய்க்குள் இருக்கும் ஜலம் உறைந்து விரிந்து இரும்பையே பிளந்துவிடும் என்கிறார்கள். நம் பக்கத்திலும் உதகையை அடுத்த தலைகுந்தாவில் மார்கழி விடியலில் புல்வெளி உறைபனியால் வெளுத்துப்போவதுண்டு. எங்கள் திருப்பூர்க் காதர்பேட்டைக்கு அந்த அபாயம் இல்லை. ஆனாலும், வருஷத்தில் பாதிக்கு மேல் சும்மா கிடந்த கீசரின் சுவிட்சைப் பனி விழுந்த முதல் வாரத்திலேயே ஊரெல்லாம் ஒருசேரத் தட்டுவதால், சுவருக்குள் வெகுகாலமாக மறைந்திருந்த கோளாறுகள் யாவும் பனிக்காலத்தின் இந்த இரண்டு மாதங்களில்தான் பிரத்தியட்சமாகின்றன.

1925-ல் குலாம் காதர் திருப்பூரில் பின்னல் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கிய பிறகு, முன்பக்கம் கம்பெனியும் பின்பக்கம் குடித்தனமுமாக வீடுகள் பெருகிய ஊர் இது. பொடக்காணியில் ஒரு சிமெண்டுத் தொட்டியும், வெந்நீருக்குச் செப்புப் பாய்லரும் இருந்தால் அக்காலத்தில் அதுவே பரம சௌகரியம். பிற்பாடு பனியன் வியாபாரம் தழைத்துக் கையில் காசு புரண்டதும், பொடக்காணி அட்டாச்டு பாத்ரூம் ஆகி, டைல்ஸ் பதிந்து, சில வீடுகளில் பாத் டப்பும் வந்து அமர்ந்தது. சுவருக்குள் ஓடுவது மட்டும் தாத்தா காலத்து ஜி.ஐ. பைப்தான். கண்ணில் படுவதற்குத் தாராளமாகச் செலவழித்து, மறைந்திருப்பதை விதிக்கு விட்டுவிடும் இந்தப் புத்தியையே நான் ஆட்சேபிக்கிறேன்.

அந்தப் பைப்பை அறுத்துப் பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கும். அரை அங்குலத் துவாரம், துருவும் உப்பும் சேர்ந்து அடைத்து, பென்சில்கூட நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். தட்டினால் செங்கல் நிறத்தில் செதில் செதிலாக உதிரும். இந்த உப்புக்குக் காரணமும் உண்டு: சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்ட கதையும், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட கதையும் ஊரறிந்தவை. நல்ல தண்ணீர் நாள் கணக்கில் இடைவெளி விட்டு வரும் ஊரில், அதைக் குடிக்கவும் சமைக்கவும் பத்திரப்படுத்திக்கொண்டு, குளிப்பதற்கு உப்பான போர் தண்ணீரைத்தான் மேல்தொட்டிக்கு ஏற்றுகிறோம். அதைக் காய்ச்சும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து கீசரின் காயிலைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுகிறது. கரண்ட் பில் ஏறுகிறது, கடைசியில் காயிலும் போகிறது. ஐப்பசியிலேயே கீசரைக் காலி செய்து உப்பைச் சுரண்டி, துரு பிடிக்காமல் காக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்திருந்தால் மாற்றி, சேஃப்டி வால்வு அடைபட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது உத்தமம். அந்த வால்வு அடைத்துக்கொண்டால் கீசரே வெடிக்கக்கூடும்.

பாத் டப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நிரம்பினால் இருநூறு லிட்டர் கொள்ளும் அந்தப் பாரத்தை மரவிட்டத்தின்மேல் நிற்கும் பழைய மெட்ராஸ் தளத்தில் ஏற்றி வைப்பதும், அதன் அடியில் கசிவதை யாரும் பார்க்க முடியாதபடி டைல்ஸால் மூடிவிடுவதும் சாகசமே தவிர வேறல்ல.

இவை எல்லாவற்றிலும் கொடிய அபாயம் வேறு. பழைய வீடுகளில் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயிலேயே சுற்றிவிடும் வழக்கம் இருந்தது. கசிந்த இடத்தை மட்டும் அறுத்து, நடுவே ஒரு முழம் பிளாஸ்டிக் பைப்பைச் சேர்த்துவிட்டுப் பிளம்பர் போய்விடுகிறார். அந்த நிமிஷமே எர்த் அறுந்துபோனது அவருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. பிறகு காயிலில் கசியும் மின்சாரம் நனைந்த உடம்பின் வழியாகத்தான் பூமிக்கு இறங்கும். ஆகவே பிளம்பர் வந்துபோன கையோடு எலக்ட்ரீஷியனும் வரவேண்டும். தனியாக எர்த் இறக்கி, மின்கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டவேண்டும். ஜன்னலில்லாத அறையில் கேஸ் கீசர் வைப்பதோ, வாசனையே இல்லாத விஷவாயுவை வீட்டுக்குள் அழைப்பதாகும்.

லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளிகளின் நிலைமை இன்னும் பரிதாபம். குழாய் உடைந்தால் வாடகைக்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது சொந்தக்காரரின் அபிப்பிராயம். இன்றைக்கோ நாளைக்கோ காலி செய்யப்போகிறவர் சுவரை உடைத்துப் பைப் மாற்றுவாரா? ஆதலால் அந்தச் செலவு நியாயமாகச் சொந்தக்காரரையே சேரும். வீட்டுக்கு ஒரு கேட் வால்வு வைத்து, வெந்நீருக்குச் சி.பி.வி.சி. பைப்பாக வாங்கி, சுவரைக் குடையாமல் வெளியிலேயே ஓட்டிவிட்டால், கசிந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். அழகு கெடும் என்று தயங்குகிறவர்கள் பின்சுவரில் ஓட்டிக்கொள்ளட்டும். வாடகை கேட்க வருகிறவர் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதே கிடையாது.